ஒரே ஆய்வாளர், மூன்று துறைகள்: வெளியீட்டுப் பட்டியலை வாசிக்கத் தொடங்குவோருக்கு

ஒருவருடைய வெளியீட்டுப் பட்டியலில் மூளைக்கட்டி அறுவையைப் பற்றிய கட்டுரையும், பேச்சொலிகள் மூளையில் பதியும் விதத்தைப் பற்றிய கட்டுரையும், செயற்கைக் குரலை உருவாக்கும் கணினி மாதிரியைப் பற்றிய கட்டுரையும் அடுத்தடுத்து நின்றால், ஆய்வுலகுக்குப் புதிதாக வரும் மாணவர் திகைப்பது இயல்பே. மருத்துவம் படித்தவருக்கு மூன்றாவது கட்டுரை புரிவதில்லை; பொறியியல் படித்தவர் முதல் கட்டுரையைத் திறப்பதேயில்லை. அதனால் பெரும்பாலோர் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்து, அதிகம் பேசப்பட்ட ஒரு கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இத்தகைய பட்டியலைப் பயனுள்ள வகையில் வாசிக்கும் முறையை ஓர் உண்மையான எடுத்துக்காட்டைக் கொண்டு படிப்படியாக விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக நான் கொள்வது, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் நரம்பியல் அறுவை மருத்துவராகப் பணிபுரியும் எட்வர்ட் சாங்கின் வெளியீடுகளை. வலிப்பு நோய்க்கும் மூளைக்கட்டிக்கும் அறுவை செய்பவர் அவர். மூளையில் பேச்சு உருவாகும் விதத்தை ஆராய்பவரும் அவரே. பேச்சிழந்தவர்களின் மூளைச் சமிக்ஞையிலிருந்து சொற்களை மீட்டெடுக்கும் கருவிகளை உருவாக்கும் குழுவின் தலைவரும் அவரே. மருத்துவம், உயிர்த்தொழில்நுட்பம், பேச்சுத் தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் ஒரே ஆய்வகத்தில் இவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருப்பது அரிது.

முதலில் பட்டியலைச் சரியாகத் திரட்டுங்கள்

பெயரைத் தட்டச்சு செய்தவுடன் தேடுபொறி தரும் பட்டியலை அப்படியே நம்பக் கூடாது. எட்வர்ட் ஒய். சாங் என்ற மற்றொருவர் கணினியியலில் புகழ்பெற்றவர். அவரும் மருத்துவம் சார்ந்த செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழுதியிருப்பதால் இருவரையும் குழப்பிக்கொள்வது மிக எளிது. நாம் தேடுபவரின் பெயர் பப்மெட் என்ற மருத்துவ, உயிரியல் கட்டுரைத் தேடல் தளத்தில் 'சாங் ஈ. எஃப்.' என்று பதிவாகியிருக்கிறது. அங்கும் கவனம் வேண்டும். 2008ஆம் ஆண்டு அவர் முதல் ஆசிரியராக எழுதிய மூளைக்கட்டிக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையிலேயே எஸ். எம். சாங் என்ற வேறொரு மருத்துவரும் இருக்கிறார். மேலும், பப்மெட் தளம் ஆசிரியர்களின் முழுப் பெயரைப் பதியத் தொடங்கியது 2002ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்தைய கட்டுரைகளில் குடும்பப் பெயரும் முதலெழுத்துகளும் மட்டுமே கிடைக்கும்.

தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்து எழுதும் நம்மவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகவே தெரியும். ஒரே ஆய்வாளர் ஒரு கட்டுரையில் 'எஸ். குமார்' என்றும், மற்றொன்றில் இனிஷியல் விரித்து எழுதப்பட்டதால் தந்தையின் பெயரிலும் பதிவாகிவிடுவது உண்டு. இதைத் தவிர்க்கவே 2012ஆம் ஆண்டு முதல் ஆர்கிட் என்ற பதினாறு இலக்க அடையாள எண் வழங்கப்படுகிறது. ஆய்வாளருக்கு அந்த எண் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் பணியிடம், இணையாசிரியர்கள், ஆண்டு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஒவ்வொரு கட்டுரையையும் உறுதிசெய்யுங்கள்.

ஒரே தளத்தில் தேடுவதும் போதாது. பப்மெட் மருத்துவத்துக்கும் உயிரியலுக்கும் உரியது. பேச்சுத் தொழில்நுட்பத்தின் முதன்மையான மாநாடாகிய இன்டர்ஸ்பீச்சின் கட்டுரைகளில் பெரும்பாலானவை அதில் கிடைக்கா; அவற்றைப் பன்னாட்டுப் பேச்சுத் தொடர்புச் சங்கத்தின் இணைய ஆவணக் காப்பகத்தில்தான் தேட வேண்டும். ஒலி, சமிக்ஞைச் செயலாக்க மாநாடாகிய ஐகாஸ்பின் கட்டுரைகளுக்கு ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் தளத்துக்குப் போக வேண்டும். கூகுள் ஸ்காலர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் முன்பதிப்பையும் (சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கு முன்பே வெளியிடப்படும் வடிவம்), மாநாட்டுச் சுருக்கத்தையும், முழுக் கட்டுரையையும் வேறுபாடு தெரியாமல் கலந்தும் காட்டும். ஆகவே அதைத் தேடுவதற்குப் பயன்படுத்துங்கள், எண்ணுவதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஆண்டு வரிசையில் அடுக்கி, இழையைத் தேடுங்கள்

திரட்டிய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி அடுக்காமல், பழையதிலிருந்து புதியது வரை ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். எண்ணிக்கைப்படி அடுக்கினால் புகழ் தெரியும். ஆண்டுப்படி அடுக்கினால்தான் சிந்தனை வளர்ந்த விதம் தெரியும்.

சாங்கின் பட்டியலில் இது தெளிவாகப் புலப்படுகிறது. 2008ஆம் ஆண்டுக் கட்டுரை, வீரியம் குறைந்த மூளைக்கட்டி உள்ள நோயாளியின் நிலையை அறுவைக்கு முன்பே மதிப்பிட ஓர் எளிய புள்ளிமுறையைத் தருகிறது: வயது ஐம்பதுக்கு மேல் இருக்கிறதா, கட்டி நான்கு செ.மீ.க்கு மேல் இருக்கிறதா, அன்றாடச் செயல்திறன் குறைந்திருக்கிறதா, பேச்சு அல்லது இயக்கம் போன்ற முக்கியப் பணிகளைச் செய்யும் பகுதியில் கட்டி அமைந்திருக்கிறதா என்ற நான்கு கேள்விகளே அதன் அடிப்படை. முற்றிலும் மருத்துவமனை சார்ந்த ஆய்வு அது. ஆனால் நான்காவது கேள்வியைக் கவனியுங்கள். எந்தப் பகுதி பேச்சுக்கு உரியது என்று அறுவை மருத்துவர் துல்லியமாக அறிந்தாக வேண்டும். அவருடைய அறிவியல் ஆய்வுகளை இந்தத் தேவையோடு சேர்த்து வாசிப்பதே பொருத்தமான வழி என்பது என் கருத்து.

அதன்பின் 2012ஆம் ஆண்டு நேச்சர் இதழில் நீமா மெஸ்கரானியுடன் எழுதிய கட்டுரை, இருவர் ஒரே நேரத்தில் பேசும்போது கேட்பவர் யாரைக் கவனிக்கிறாரோ அவருடைய பேச்சே மூளைச் சமிக்ஞையில் மேலோங்கி நிற்கிறது என்று காட்டுகிறது. 2013ஆம் ஆண்டுக் கட்டுரை, உதடு, நாக்கு, தாடை, குரல்வளை ஆகியவற்றை இயக்கும் பகுதிகள் மூளையின் மேலடுக்காகிய புறணியில் அமைந்திருக்கும் விதத்தை வரைகிறது. 2014ஆம் ஆண்டு சயின்ஸ் இதழில் வந்த கட்டுரை, ஒலிப்பு முறைக்கேற்ப ஒலிகள் பகுக்கப்படுவதைப் மூளையின் பக்கமடலின் (காதையொட்டிய பகுதியின்) மேற்பகுதியில் காண்கிறது. இம்மூன்றும் அடிப்படை அறிவியல்.

பிறகு 2019ஆம் ஆண்டு கோபால அனுமஞ்சிபள்ளி, ஜோஷ் சார்ட்டியர், சாங் மூவரும் நேச்சரில் எழுதிய கட்டுரையைத் திறந்தால், 2013ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு பொறியியலாக மாறியிருப்பது புரியும். மூளைச் சமிக்ஞையிலிருந்து நேரடியாக ஒலிக்குத் தாவாமல், முதலில் உதடும் நாக்கும் எப்படி அசைந்திருக்கும் என்று கணித்து, அந்த அசைவிலிருந்து ஒலியை உருவாக்குகிறார்கள். 2013ஆம் ஆண்டுக் கட்டுரையை வாசிக்காதவருக்கு இந்த இடைப்படி ஏன் தேவைப்பட்டது என்பது விளங்காது.

இழையைத் தேடும்போது கருவிகளையும் தரவுகளையும் பாருங்கள். 2014ஆம் ஆண்டு ஆய்வில் நோயாளிகளுக்குக் கேட்கச் செய்த வாக்கியங்கள் டிமிட் என்ற ஒலித்தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. அது 1980களில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனமும் எம்ஐடி கல்விக்கழகமும் சேர்ந்து, அமெரிக்க ஆங்கிலத்தின் எட்டு வட்டார வழக்குகளைச் சேர்ந்த 630 பேரின் குரலைப் பதிவுசெய்து, கணினிக்குப் பேச்சைக் கற்பிப்பதற்காக உருவாக்கிய தொகுப்பு. பொறியாளர்களின் கருவி நரம்பியலாளரின் கைக்கு வந்த வழி இது. முடிவுரையில் எழுதாத இத்தகைய உறவுகள் செய்முறைப் பகுதியில்தான் கிடைக்கும்.

ஆசிரியர் வரிசையும் வெளியான இடமும்

உயிரியல், மருத்துவக் கட்டுரைகளில் முதலில் நிற்பவர் பெரும்பகுதி வேலையைச் செய்தவர், கடைசியில் நிற்பவர் ஆய்வகத்தை வழிநடத்துபவர் என்பது வழக்கம். சாங் 2008இல் முதல் ஆசிரியர். 2014இல் கடைசி ஆசிரியர். பயிற்சி பெற்றவர் ஆய்வகத் தலைவரானதை இந்த இடமாற்றமே சொல்லிவிடுகிறது. நடுவில் நிற்கும் பெயர்களைப் புறக்கணிக்காதீர்கள். 2013, 2014 ஆகிய இரு ஆண்டுக் கட்டுரைகளிலும் இடம்பெறும் கீத் ஜான்சன், பெர்க்லி வளாகத்தின் மொழியியலாளர். ஒலிப்பியல் அறிவு அறுவை அரங்குக்குள் வந்தது எப்படி என்ற கேள்விக்கு அந்த ஒரு பெயர் பெருமளவு விடை தருகிறது. பல இதழ்கள் இன்று யார் எந்த வேலையைச் செய்தார் என்று இறுதியில் தனியே அச்சிடுகின்றன. அதை வாசிக்க ஒரு நிமிடம் போதும்.

வெளியான இடத்தை மதிப்பிடும்போது ஒரு துறையின் வழக்கத்தை மற்றொன்றின்மீது ஏற்றக் கூடாது. மருத்துவத்தில் மாநாட்டுச் சுருக்கம் என்பது முதற்கட்ட அறிவிப்புக்குச் சமம். அதை வைத்து எவரும் சிகிச்சையை மாற்ற மாட்டார்கள். பேச்சுத் தொழில்நுட்பத்திலோ இன்டர்ஸ்பீச், ஐகாஸ்ப் மாநாடுகளின் முழுக் கட்டுரைகள் சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்குப்பின் ஏற்கப்படுபவை. முன்பதிப்புகளிலும் இதே வேறுபாடு உண்டு: 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ் தளத்தில் கட்டுரையை முதலில் ஏற்றுவது கணினித் துறையில் அன்றாட வழக்கம், மருத்துவ முன்பதிப்புகளுக்கான மெட்ஆர்க்கைவ் 2019இல்தான் தோன்றியது, அதிலுள்ளவற்றை மருத்துவ நடைமுறைக்கு வழிகாட்டியாகக் கொள்ள வேண்டாம் என்று அத்தளமே எச்சரிக்கிறது. கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அவை பெற்ற மேற்கோள்களையும் சேர்த்துக் கணக்கிடும் எச்-குறியீடு என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு ஓர் அறுவை மருத்துவரையும் ஒரு பேச்சுப் பொறியாளரையும் ஒப்பிடுவது வீண் வேலை. துறைக்குத் துறை மேற்கோள் காட்டும் பழக்கமே வேறு.

யாருடைய பேச்சு?

மருத்துவமும் பேச்சுத் தொழில்நுட்பமும் சந்திக்கும் எந்தக் கட்டுரையிலும் முதலில் தேட வேண்டியது, அளக்கப்பட்டவர்கள் யார், எத்தனை பேர் என்பதையே. சாங்கின் பட்டியலை இந்தக் கேள்வி இரண்டாகப் பிளக்கிறது.

2019 வரையிலான கட்டுரைகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் வலிப்பு நோயாளிகள். வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டறிவதற்காகப் புறணியின் மேற்பரப்பில் மின்முனைத் தகடுகள் பொருத்தப்பட்டு மருத்துவமனையில் சில நாள்கள் தங்கியிருந்தவர்கள் அவர்கள். அவர்களால் நன்றாகப் பேச முடியும். ஆகவே கணினி கணித்த சொல்லையும் அவர் உண்மையில் சொன்ன சொல்லையும் நொடிக்கு நொடி ஒப்பிட முடிந்தது. 2021ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் டேவிட் மோசஸ் முதல் ஆசிரியராக வெளியான கட்டுரையில் பங்கேற்றவர் ஒரே ஒருவர். மூளைத்தண்டில் ஏற்பட்ட பக்கவாதத்தால் பல ஆண்டுகளாகத் தெளிவாகப் பேச இயலாதவர். ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய பேச்சொலி இல்லை. திரையில் காட்டப்பட்ட சொல்லைச் சொல்ல அவர் முயன்றார் என்று கொண்டுதான் கணினிக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. இரண்டு வகை ஆய்வுகளுக்கும் தலைப்புகள் ஒன்றுபோலவே ஒலிக்கலாம். கடினத்தில் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வேறுபாடு.

எத்தனை பேர் என்ற கேள்வி நம் மாணவர்களுக்கு வேறொரு வகையிலும் பயன்படும். குரலிலிருந்து பார்க்கின்சன் நோயைக் கண்டறியும் ஆய்வுகளுக்காக ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மேக்ஸ் லிட்டில் வெளியிட்ட தரவுத்தொகுப்பு மாணவர் திட்டங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அதில் 195 குரல்பதிவுகள் உள்ளன. ஆனால் அவை 31 பேருடையவை, அவர்களில் 23 பேர் நோயாளிகள். கணினிக்குப் பயிற்சி தர ஒரு பகுதி, அதைச் சோதிக்க ஒரு பகுதி என்று பதிவுகளைக் குலுக்கிப் பிரித்தால் ஒரே நபரின் குரல் பயிற்சியிலும் சோதனையிலும் இடம்பெற்றுவிடும். கணினி நோயைக் கற்காமல் ஆளை அடையாளம் கண்டுகொண்டு உயர்ந்த துல்லியத்தைக் காட்டிவிடும். பதிவுவாரியாகப் பிரித்தார்களா, ஆள்வாரியாகப் பிரித்தார்களா என்று சொல்லாத கட்டுரையின் துல்லியச் சதவீதத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

எந்த அளவுகோல்?

புதியவர்கள் மிகுதியும் தடுமாறும் இடம் இதுதான். 2020ஆம் ஆண்டு நேச்சர் நியூரோசயின்ஸ் இதழில் ஜோசப் மேக்கின், மோசஸ், சாங் ஆகியோர் எழுதிய கட்டுரை, சொற்பிழை விகிதம் (கணினி தவறாகக் கணித்த சொற்களின் விகிதம்) 3 சதவீதம் வரை குறைந்ததாகச் சொல்கிறது. 2021ஆம் ஆண்டுக் கட்டுரை 25.6 சதவீதம் என்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஆய்வு பின்னோக்கிப் போனதுபோல் தோன்றும். முதலாவதில் பங்கேற்ற நால்வரும் பேச வல்லவர்கள். முப்பது முதல் ஐம்பது வரையிலான நிலையான வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்கள். இரண்டாவதில் பேச இயலாத ஒருவர், ஐம்பது சொற்களைக் கொண்டு அமைந்த வாக்கியங்களைச் சொல்ல முயன்றார். அளவுகோலின் பெயர் ஒன்றே, அளக்கப்பட்டது வேறு.

அதே 2021ஆம் ஆண்டுக் கட்டுரையின் சுருக்கத்தில் நான்கு எண்கள் அடுத்தடுத்து வருகின்றன: நிமிடத்துக்கு 15.2 சொற்கள் என்ற வேகம், 25.6 சதவீதச் சொற்பிழை, சொல்ல முயன்றதைக் கண்டறிவதில் 98 சதவீதம், தனிச்சொல்லை இனங்காண்பதில் 47.1 சதவீதம். செய்தித்தாள்கள் விரும்பிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். தனிச்சொல்லில் பாதிகூடச் சரியாகாதபோது வாக்கியத்தில் முக்கால்பங்கு சரியானது எப்படி? எந்தச் சொல்லுக்குப்பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கும் மொழி மாதிரி திருத்திக் கொடுத்ததால்தான். அது இல்லாதபோது சொற்பிழை 60.5 சதவீதம் என்று கட்டுரையே வெளிப்படையாகத் தருகிறது. இப்படிப் பிரித்துக் காட்டும் கட்டுரையை நம்பலாம். சேர்த்து மட்டும் காட்டுவதைச் சற்று ஐயத்தோடு வாசிக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டு ஷான் மெட்ஸ்கர் முதல் ஆசிரியராக நேச்சரில் வந்த கட்டுரையில் 253 மின்முனைகள், 1,024 சொற்கள், நிமிடத்துக்கு 78 சொற்கள், 25 சதவீதச் சொற்பிழை. பிழை விகிதம் ஏறக்குறைய மாறவில்லை. ஆனால் சொற்களஞ்சியம் இருபது மடங்காகவும் வேகம் ஐந்து மடங்காகவும் ஆகியிருக்கின்றன. அதே இதழில் ஸ்டான்ஃபோர்டு குழுவின் சார்பில் ஃபிராங்க் வில்லெட் எழுதிய கட்டுரை, நிமிடத்துக்கு 62 சொற்கள் என்றும், 1,25,000 சொற்களஞ்சியத்தில் 23.8 சதவீதப் பிழை என்றும், ஐம்பது சொற்களில் 9.1 சதவீதம் என்றும் கூறுகிறது. அவர்கள் மின்முனைகளைத் திசுவுக்குள்ளேயே ஊன்றியவர்கள். சாங்கின் குழு மேற்பரப்பில் விரித்தது. பங்கேற்ற இருவரின் நோயும் வெவ்வேறு. எனவே எந்தக் குழு வென்றது என்ற கேள்வியை விட்டுவிட்டு, எந்த வழி எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுகிறது என்று கேளுங்கள்.

செயற்கைக் குரலை மதிப்பிடும் கட்டுரைகளில் கேட்டவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டு ஆய்வில், கணினி உருவாக்கிய வாக்கியங்களைக் கேட்டவர்கள் கையில் சொற்பட்டியல் ஒன்று தரப்பட்டிருந்தது. பட்டியலில் 25 சொற்கள் இருந்தபோது 69 சதவீதச் சொற்களைச் சரியாக இனங்கண்டார்கள். 50 ஆக்கியபோது அது 47 ஆகக் குறைந்தது. பட்டியலே இல்லாமல் கேட்பது இன்னும் கடினம் என்பது சொல்லாமலே விளங்கும்.

பணம், பதிவு, திருத்தம்

இம்மூன்றையும் விரைவாக முடித்துவிடலாம், ஆனால் விட்டுவிடக் கூடாது. நிதி யாருடையது என்பதைக் கட்டுரையின் இறுதியில் பாருங்கள். 2021ஆம் ஆண்டு ஆய்வுக்கு ஃபேஸ்புக் நிறுவனம் ஒரு பகுதி நிதி அளித்தது, அதே ஆண்டில் தலையில் அணியும் மூளைக்கருவித் திட்டத்தைக் கைவிடுவதாகவும் அறிவித்தது. மனிதர்களிடம் செய்யும் கருவி ஆய்வு மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். அமெரிக்காவில் அதற்கான பதிவேடு 2000ஆம் ஆண்டிலிருந்தும், இந்தியாவில் 2007ஆம் ஆண்டிலிருந்தும் இயங்குகிறது. கட்டுரை பின்னர் திருத்தப்பட்டதா, திரும்பப் பெறப்பட்டதா என்பதை இதழின் பக்கத்திலேயே பார்க்கலாம்; ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தொகுப்பும் 2023 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கட்டணம் கேட்கும் கட்டுரைகளுக்குப் பப்மெட் சென்ட்ரல் என்ற முழுக் கட்டுரைக் காப்பகத்தில் ஆசிரியரின் கையெழுத்துப்படி பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும், ஏனெனில் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களிடம் நிதி பெற்ற ஆய்வுகளை அங்கே வைப்பது 2008 முதல் கட்டாயம்.

வாசித்ததை அட்டவணையாக்குங்கள்

ஒரு தாளில் நிரல்கள் இட்டு, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: ஆண்டு, முதல் ஆசிரியர், பங்கேற்றோர் எண்ணிக்கை, அவர்களால் பேச முடியுமா, மின்முனை வகை, சொற்களஞ்சியம், அளவுகோல், மொழி மாதிரி இருந்ததா. சுருக்கத்திலிருந்து நிரப்ப முடியாத கட்டங்கள் மிஞ்சும். அவற்றுக்காக மட்டும் செய்முறைப் பகுதிக்குப் போங்கள். முழுக் கட்டுரையையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கத் தொடங்கிப் பாதியில் களைப்பதைவிட இது நல்ல வழி. பத்துக் கட்டுரைகளை இப்படி முடித்தபின் எதை முழுமையாக வாசிக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

பயிற்சிக்கு 2025ஆம் ஆண்டு நேச்சர் நியூரோசயின்ஸ் இதழில் இக்குழு வெளியிட்ட கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய முறையில் வாக்கியம் முழுவதையும் சொல்ல முயன்று முடித்த பிறகே குரல் வெளிவந்தது, அதற்கு ஏறத்தாழ எட்டு நொடி பிடித்தது. புதிய முறை 80 மில்லிநொடித் துண்டுகளாகச் சமிக்ஞையை வாசித்து, முயற்சி நடந்துகொண்டிருக்கும்போதே குரலை வெளியிடுகிறது. இதை உங்கள் அட்டவணையில் ஏற்றும்போது, காலதாமதம் என்ற புதிய நிரல் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும். அதைச் சேர்த்த கையோடு, பழைய வரிகளுக்கும் அந்தக் கட்டத்தை நிரப்ப முடிகிறதா என்று பார்த்து வாருங்கள்.